முந்திச் சிரித்தவள்

கம்பத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் தமிழ் ஆசிரியை. சில வருடங்களுக்கு முன்பு என் எட்டாம் வகுப்பில் ஏழு பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது. கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதுவார்கள். எழுதியதையே வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார்கள். புத்தகம் என்றாலே அவர்களுக்கு அவமானம்தான்.

அதனால் கடைசிப் பாடவேளையில் பாடத்தை மூடிவைத்துவிட்டு அந்த ஏழு பேரையும் என்னைச் சுற்றி உட்காரவைத்துக் கதை வாசிக்க ஆரம்பித்தேன். கேள்வி கேட்க மாட்டேன், எழுதச் சொல்ல மாட்டேன். முதல் வாரம் கொட்டாவி விட்டார்கள். இரண்டாம் வாரம், சந்தைக்குப் போன கழுதை தன் முதலாளியையே விலை பேசி விற்கிற கதை வந்தது. என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்த சுருளிப்பட்டிப் பெண் திடீரென்று சிரித்தாள். மற்றவர்கள் விழித்தார்கள். சிரிக்கவேண்டிய வரிக்கு நான் இன்னும் வந்திருக்கவில்லை.

"எதுக்குச் சிரிச்ச?" என்றேன்.

"கழுதை அந்த ஆளோட பல்லைப் பிடிச்சுப் பாக்குது டீச்சர்" என்று அடுத்த வரியில் விரலை வைத்தாள்.

நான் ஒவ்வொரு வரியாக நிறுத்தி வாசிப்பதற்குள், அடுத்த வரியை அவளாகவே வாசித்திருந்தாள். அதன்பிறகு தினமும் ஒரு புத்தகம் கேட்டு வாங்கிப் போனாள். அவளுடைய அம்மா திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். அவர் வரும்வரை வாசலில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி வாசிப்பாளாம்.

அந்தச் சமயத்தில்தான் வாசிப்புத் திறனைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். யாராவது ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள் என்றார். நன்றாக வாசிக்கிற பிள்ளைகள் இருபது பேர் இருந்தார்கள். நான் அவளை எழுப்பி, கதை கேட்டே வாசிக்கக் கற்றவள் என்றேன். என்னால் வந்த மாற்றம் என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். இன்றுவரை அதற்கு வேறு காரணம் சொல்ல என்னால் முடியவில்லை.

அதிகாரி அவள் அறியாத ஒரு பாடப்பக்கத்தைக் கொடுத்து, செல்போனில் ஒரு நிமிடக் கெடு வைத்தார். 'சுற்றுச்சூழல்' என்ற முதல் சொல்லிலேயே அவள் நின்றாள். சு, சுற், சு. பின்னால் யாரோ சிரிக்க, வகுப்பே சிரித்தது. நிமிடம் முடிந்ததும் அவர் எதையோ குறித்துக்கொண்டு, "கதையெல்லாம் அப்புறம் வச்சுக்கங்க டீச்சர். முதல்ல பாடத்தை நடத்துங்க" என்றார். மறுநாள் தலைமையாசிரியரும் அதையே சொன்னார். கதைப் புத்தகங்களை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அவள் கையில் இருந்த புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு புத்தகம் எதுவும் கேட்கவில்லை. கோடை விடுமுறை முடிந்தும் பள்ளிக்கு வரவில்லை என்று தெரிந்து வீட்டுக்குப் போனேன்.

"கேரளாவுல ஏலக்காத் தோட்டத்து வேலைக்குப் போறா டீச்சர். அங்கன எங்க மதினி இருக்காக, பாத்துக்கிருவாக" என்றார் அம்மா. "நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். எல்லாரும் சிரிச்சாகளாம்ல. செத்தாலும் பள்ளிக்கூடம் போகமாட்டேன்னுட்டா."

எழுப்பிவிட்டது நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே இருந்த அவளை இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். அவள் வெளியே வரவே இல்லை.

போன மாதம் கம்பத்தில் கேரளா போகும் ஜீப்பில் அவளைப் பார்த்தேன். சாப்பாட்டுத் தூக்கோடு பெண்களுக்கு நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழ முயன்றாள்.

"எதுவும் வாசிக்கிறியாம்மா?"

"இல்ல டீச்சர். மறந்துபோச்சு." கோபமே இல்லாமல் சொன்னாள். "நீங்க நல்லாருக்கீகளா?"

ஜீப் கிளம்பிவிட்டது.

இந்த வருட எட்டாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவர்கள் ஒன்பது பேர். பீரோவின் சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது. கடைசிப் பாடவேளையில் நான் பாடம் நடத்துகிறேன்.