பெல்விக் என்ற பெயரைத் தேடிச் சாவகச்சேரிக்கு

1936ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. வாடைக்காற்றோடு மழை. இரவு முழுவதும் பெய்தும் ஓயவில்லை. என் வீட்டுப் படலையிலிருந்து கொக்குவில் ரயில் நிலையத்துக்கு வழக்கமாக ஆயிரத்து நானூறு அடி வைப்பேன். அன்று வெள்ளத்தைச் சுற்றிப் போனதில் ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு ஆயிற்று. சாவகச்சேரிக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு நாற்பத்திரண்டு சதம்.

அறுபத்தெட்டு வயதில், இந்த மழையில், நான் ஏன் புறப்பட்டேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். என் முழுப்பெயர் ஏனோக் பெல்விக் செல்லத்துரை. முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். ஊரில் பெல்விக் மாஸ்டர் என்பார்கள். என் மகள் வயிற்றுப் பேர்த்தி தங்கத்துக்கு, மலாயாவில் கிளார்க்காக இருந்து லீவில் வந்திருக்கும் ஒருவரைப் பேசி முற்றாக்கியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தகப்பன் அருளம்பலம் வந்து, கொடுத்த கோப்பியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"குறை நினைக்கப்படாது மாஸ்டர். உங்கடை வம்சத்திலை வெள்ளைக்காரக் கலப்பு எண்டு கதை கிடக்கு."

"ஆர் கதைக்கினம்?"

"நீங்கள்தான். ஐஞ்சாம் வகுப்பிலை. நான் ரண்டாம் வாங்கிலை இருந்தனான்."

உண்மை அது. செவ்வாய் பின்னேரம் ஐந்து மணிக்குத் திரும்ப வருவதாகவும், புதன் காலை மகன் கொழும்புக்குக் கப்பலேறப் போவதாகவும், அதற்குமுன் கலப்பில்லை என்பதற்கு 'ஒரு எழுத்து' காட்டவேண்டும் என்றும் சொல்லிப் போனார். கோப்பி அப்படியே இருந்தது.

ரயில் ஆறு பன்னிரண்டுக்கு வந்தது. எனக்கெதிரே ஒரு புகையிலை வியாபாரி. யாழ்ப்பாணம் தாண்டியதும் என் பையில் எழுதியிருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"ஐயா பறங்கியோ?"

"இல்லை."

"பேர் அவங்கடை மாதிரிக் கிடக்கு. நிறம் மட்டும் எங்கடை."

பெட்டியிலிருந்த ஏழு பேரில் ஐந்து பேர் சிரித்தார்கள். நான் பையைத் திருப்பி வைத்தேன்.

அந்தப் பைக்குள் அமெரிக்காவில் அச்சான ஒரு புத்தகம் இருந்தது. பெல்விக் குடும்பத்தின் வரலாறு, 212 பக்கம். முதலாவது ஏனோக் பெல்விக் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலிருந்து மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் கப்பலேறியவர். அரசனுடைய கோயில் ஆடம்பரம் பிடிக்காமல், வேதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, பனிக்காட்டில் போய்க் குடியேறிய கூட்டத்தில் ஒருவர். மரம் தறித்து முதலில் செபவீடு கட்டினார்; பிறகுதான் தன் வீடு. நத்தார்ப் பண்டிகையைக்கூடக் கொண்டாட விடமாட்டார். ஓய்வுநாளில் சத்தமாகச் சிரித்த அயலவனை வழக்குக்கு இழுத்தவர். விதைத்த சோளப் பாத்திகளையும், பிரசங்கம் எத்தனை நாழிகை நீண்டது என்பதையும் எண்ணி எழுதிவைத்தார். பதினொரு பிள்ளைகளில் ஏழு பேரைப் புதைத்தார். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது அவர்கள் வழக்கம். அப்படி அந்த வீட்டில் மூன்று ஏனோக்குகள் பிறந்தார்கள். மூன்றாவதுதான் தப்பியது, வம்சம் அதிலிருந்து தழைத்தது.

இதை நான் முப்பது முறையாவது வகுப்பில் சொல்லியிருப்பேன். 'எங்கள் முன்னோர்' என்றே தொடங்குவேன். அவர் எண்ணுகிறவர், நானும் எண்ணுகிறவன். இரத்தம் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது. உண்மை எனக்குத் தெரியாமலில்லை. பழைய மிசன் விடுதிகளில் ஒரு பிள்ளையைப் படிப்பிக்க அமெரிக்காவில் யாராவது ஆண்டுதோறும் பணம் அனுப்புவார்கள். அனுப்புகிறவர் சொல்லும் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். என் பாட்டனாருக்குப் பெயர் வந்தது அப்படித்தான். ஆனால் குடும்ப வரலாறு தொகுத்த கனவான் ஒருவர், இலங்கையில் பெல்விக் எப்படி வந்தது என்று கேட்டு எழுதியபோது, பிறர் காசில் வாங்கிய பெயர் என்று எழுத வெட்கப்பட்டு, 'நாங்களும் அவ்வீட்டாரே' என்று எழுதிவிட்டேன். 212ஆம் பக்கத்தில் அச்சாகிவிட்டது.

நாவற்குழியில் கடல்நீர் பாலத்தின் கல்லுக்கு இரண்டு முழம் கீழே நின்றது. ரயில் ஊர்ந்து கடந்தது. சாவகச்சேரி சேர ஏழு இருபது. தேநீரும் ஒரு வடையும் ஐந்து சதம்.

பாட்டனார் சேர்ந்த மிசன் விடுதியின் பதிவுகள் இருந்த பழைய தேவாலயம் அங்கிருந்து வடக்கே மூன்று மைல். வண்டிக்காரர் கணபதி போய்வர ஒன்றேகால் ரூபா கேட்டார். ஒரு மைல் போனதும் வண்டியை நிறுத்தினார். தெரு இருந்த இடத்தில் வெள்ளம் ஓடியது.

"மாஸ்டர், உந்த வெள்ளத்துக்கை மாடு இறங்காது."

"ரண்டரை மணி ரயிலுக்குத் திரும்பி வரவேணும்."

"அது மாட்டுக்குத் தெரியுமே?"

கால் ரூபா கூட்டித் தருகிறேன் என்றேன். மாட்டுக்கு அது தெரிந்தது. வண்டித் தட்டில் தண்ணீர் ஏறி என் இடது செருப்பை நனைத்தது. அந்தச் செருப்பை நான் சொல்லித்தான் தைப்பிப்பது வழக்கம். இடது காலில் எனக்கு ஆறு விரல். என் தகப்பனாருக்கும் அப்படி. தங்கத்துக்கும் அப்படி.

தேவாலயத்தை அடைய ஒன்பதரை. பாதிரியார் ஞாயிறுகளில் மட்டும் வருவார். பிள்ளைகளின் பெயர் பதிந்த பழைய இடாப்புகள் காலமான உபதேசியாரின் மனைவி அன்னப்பிள்ளையின் பொறுப்பில். எழுபது வயதிருக்கும், கண் மங்கல், வாய் அப்படியல்ல. கூரை ஒழுக்கு விழாத மூலையில் ஒரு தகரப்பெட்டி. வேப்பிலைச் சருகைத் தட்டித் தட்டி நான்கு இடாப்புகளை வெளியே எடுத்தார். மூன்றாவதில் பாதியைக் கறையான் தின்றிருந்தது.

"எது போச்சுதோ அது கர்த்தரின்ரை சித்தம். கிடக்கிறதைப் பாருங்கோ."

இரண்டு மணித்தியாலம் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பதினொன்றே முக்காலுக்கு, இரண்டாவது இடாப்பில், பெயர் கண்ணில் பட்டது. ஏனோக் பெல்விக். இயற்பெயர் சின்னத்தம்பி. தந்தை கதிர்காமர், வேளாண்மை. வயது ஒன்பது. ஆண்டுக்கு இருபது டாலர். தகப்பன் பெயரும் தொழிலும் இருக்கிறது. அருளம்பலத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

"கண்டிட்டன் அம்மா."

"மறுகரையிலை சிலுவை போட்டிருக்கோ, பாருங்கோ."

போட்டிருந்தது. சேர்ந்த ஏழாம் மாதம் வாந்திபேதியில் மரணம். நான் அதைப் பார்க்கவே இல்லை.

"செத்த பிள்ளைக்குப் பேரன் எப்பிடி வந்தவர்?" என்றார் அன்னப்பிள்ளை. "அடுத்த ஒற்றையைத் திருப்புங்கோ. காசு வந்துகொண்டிருந்தால் பேரைச் சும்மா விடாயினம்."

திருப்பினேன். ஏனோக் பெல்விக், இரண்டாவது. வாந்திபேதிக் காலத்தில் வழிமடத்தில் தனியே கிடந்த தமிழ்ப் பிள்ளை. வயது ஏறத்தாழ ஐந்து. நிறம் கறுப்பு. தந்தை பெயர் தெரியாது. தாய் பெயர் தெரியாது. அடையாளம்: இடது காலில் ஆறு விரல்.

அன்னப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. நனைந்த செருப்பைக் கழற்றி வைத்திருந்த காலைக் குனிந்து பார்த்தார்.

"எண்ணிப் பாருங்கோ மாஸ்டர். நீங்கள் எல்லாத்தையும் எண்ணுறவர் எண்டல்லோ சொல்லுவினம்."

நான் எண்ணவில்லை.

இடாப்பை வெளியே கொண்டுபோக முடியாது. பாதிரியார் கையொப்பமும் முத்திரையும் இட்ட வெற்றுத்தாள்களை அன்னப்பிள்ளையிடம் கொடுத்துவைப்பார். தேவைப்படுகிறவர் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். அன்று மிஞ்சியிருந்தது ஒரே தாள். கட்டணம் ஐம்பது சதம். கண் மங்கிய அவரால் எழுத முடியாது. எழுத வேண்டியவன் நான்.

பெயர் என்ற இடத்தில் ஏனோக் பெல்விக் என்று எழுதினேன். அதுவரை இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். அடுத்தது தந்தை பெயர். பேனை நின்றது.

"எந்தப் பெல்விக்கை எழுதுறியள்?"

"நான் எதை எழுதினாலும் உங்களுக்குத் தெரியாதல்லோ."

"தெரியாது. அதுதான் கேக்கிறன்."

வெளியே கணபதி சத்தமிட்டார். "மாஸ்டர்! வெள்ளம் அச்சுக்கு வருகுது. வாறியளோ, இங்கேயே ஞானஸ்நானம் எடுக்கப் போறியளோ?"

கதிர்காமர் என்று எழுத ஆறு எழுத்துப் போதும். தங்கம் புதன் விடியுமுன் நிச்சயிக்கப்பட்டவள் ஆகிவிடுவாள். ஆனால் ஏழு மாதம் படித்து இறந்த ஒரு பிள்ளையின் பெயரை வைத்து மூன்று தலைமுறை பிழைத்துவிட்டோம். இனி அவனுடைய தகப்பனையும் எடுத்துக்கொள்வதா? முன்னொரு முறை ஒரு தாளில் பொய் எழுதியதால்தான் இன்று இந்தத் தாளுக்கு முன்னால் இருக்கிறேன். 'தெரியாது' என்று எழுதினேன். தாய்க்கு நேரேயும் எழுதினேன். ஆறு விரலையும் எழுதினேன். மை உலர்வதற்குள் மடித்ததால் அந்த ஆறு சற்றே கலங்கிவிட்டது.

வெள்ளத்தில் மாடு இரண்டு முறை நின்றது. நான்கு நிமிடம் மிச்சமிருக்க ரயிலைப் பிடித்தேன். கொக்குவில் சேரும்போது மூன்று நாற்பது. மழை விட்டிருந்தது. அருளம்பலம் சொன்னபடி ஐந்துக்கு வந்தார். தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"வெள்ளைக்காரக் கலப்பு இல்லை," என்றேன்.

"இல்லைத்தான்." தாளை மெல்ல மேசையில் வைத்தார். "ஆனால் மாஸ்டர், வெள்ளைக்காரன் எண்டாலும் ஒரு தேப்பன் இருந்திருப்பான்."

மறுநாள் காலை தங்கத்தின் புகைப்படம் ஓர் உறையில் திரும்பி வந்தது. கடிதம் இல்லை. ஒன்பதரை ரயிலில் மாப்பிள்ளை கொழும்புக்குப் போனார்.

தங்கம் அழுதாள், எவ்வளவு நேரம் என்று நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல், இரண்டு ஏனோக்கையும் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை வாசித்தாள்.

"மற்றதை எழுதியிருக்கலாமே அம்மப்பா?"

"எழுதியிருக்கலாம்."

தாளை மடித்து என்னிடம் தந்தாள். "எழுதியிருந்தால் நான் மலாயாவிலை ஒவ்வொரு பிள்ளை பிறக்கேக்கையும் முதல்லை அதின்ரை காலைத்தான் பார்த்திருப்பன். முகத்தை அல்ல." பிறகு, "அமெரிக்காவுக்கும் எழுதுங்கோ. அந்தப் புத்தகத்திலை நிக்கிறது பொய்யல்லோ," என்றாள்.

பனிக்காட்டில் குடியேறிய அந்தக் கடுமையான மனிதரிடம் எங்களுக்கு இரத்தம் இல்லை. அவர் வீட்டு வழக்கம் ஒன்று மட்டும் எப்படியோ கடல் தாண்டி வந்து சேர்ந்தது: செத்த பிள்ளையின் பெயரை உயிரோடிருக்கும் பிள்ளை சுமப்பது. அவருடைய மூன்றாவது ஏனோக்குக்குத் தகப்பன் இருந்தார். எங்கள் இரண்டாவதுக்கு வழிமடத்து வெறுந்தரைதான் இருந்தது. இதையே கடிதத்தில் எழுதி, 212ஆம் பக்கத்தைத் திருத்தக் கேட்டு, அன்றே தபாலில் சேர்த்தேன்.

ரயில் போய்வர எண்பத்துநான்கு சதம். வண்டி ஒன்றரை ரூபா. தேநீரும் வடையும் ஐந்து சதம். தாளுக்கு ஐம்பது சதம். அமெரிக்காவுக்கு முத்திரை இருபது சதம். மொத்தம் மூன்று ரூபா ஒன்பது சதம்.