விலாங்கு பார்த்த திசை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மூன்று வாரம் ஒரு விலாங்கு இருந்தது.

திருவக்கரைப் பக்கம், அணைக்குக் கீழே எங்கள் ஊர். ஐப்பசி மழை. புதுச்சேரிக்குக் கொத்து வேலைக்குக் கிளம்பிய சித்தப்பா, போன வேகத்தில் சாக்கு மூட்டையோடு திரும்பி வந்தார். அணைக் கரைக்குக் கீழே தார் ரோட்டை அது குறுக்கே கடந்துகொண்டிருந்ததாம். பாம்பென்று வண்டியை நிறுத்தியவர், தலையோரத் துடுப்பைப் பார்த்ததும் சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டார். என் தோள் உயரம், என் கைப் பருமன். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பெண் கொடுக்க வருகிறவர்களுக்கு அதுதான் குழம்பு என்று முடிவாயிற்று.

மழையில் அவர்கள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. சித்தப்பாவின் கல்யாணமும் விலாங்கின் சாவும் ஒன்றாகத் தள்ளிப்போயின.

அது எதையும் தின்னவில்லை. மண்புழு போட்டேன். தவளைக் குஞ்சு ஒன்றைப் போட்டேன். தவளை அதன் முதுகிலேயே ஏறி உட்கார்ந்தது. பகலெல்லாம் தொட்டியின் கிழக்கு மூலையில் மூக்கை அழுத்தியபடி நின்றது. தென்னை மட்டையால் திருப்பிவிடுவேன். பத்து எண்ணுவதற்குள் அதே மூலை. சிமெண்டில் தேய்ந்து மூக்கு வெளுத்துப்போனது. வந்தபோது மிளகு போலிருந்த கண், நாளாக ஆக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பருப்பு அளவுக்குப் பெருத்தது. யாரும் நம்பவில்லை. அம்மா மட்டும் ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்.

"இன்னாப்பா இது, தீனியே இல்லாம கண்ணு மட்டும் வளந்துக்கினு வருது? எங்கனா கொண்டும்போயி வுட்டுட்டு வா."

"ஒரு வாரம் பொறுங்க அண்ணி, அவங்க வந்துடுவாங்க" என்றார் சித்தப்பா.

அன்றிலிருந்து அம்மா தெருக்குழாயில்தான் தண்ணீர் பிடித்தார்.

மூன்றாவது வாரம் மழைக்காகப் பள்ளி விடுமுறை. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த மதியம் பின்பக்கம் போனேன். தொட்டி விளிம்புவரை நிரம்பி வழிந்தது. உள்ளே அது இல்லை. வேலியோரம் சேற்றில் ஏதோ இழுபடும் சத்தம். முள்கம்பிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு கிடந்தது. கிட்டே போனேன், அது பதறவில்லை. மண் அப்பிய அந்தப் பெரிய கண் என்னைப் பார்க்கவே இல்லை, எனக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்ப்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பாவம், அதற்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று தோன்றியது. ஈரச்சாக்கில் சுருட்டிப் பிளாஸ்டிக் குடத்தில் இறக்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, அணைவரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். வழி நெடுக குடத்துக்குள் ஒரு தட்டல், விட்டு விட்டு. கரையேறி, தண்ணீர் தேங்கி நிற்கும் பக்கம் படியிறங்கிக் கவிழ்த்தேன்.

அது ஆழத்துக்குப் போகவில்லை. வளைந்து வந்து அணைச் சுவரில் மூக்கை வைத்தது. சுவரோடு ஒட்டிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தது. மறுபடி போனது. ஷட்டர்கள் மூடியிருந்தன.

"அதான் வூட்டுக்கு வந்துட்டியே, போயேன்!" என்று கத்திவிட்டு ஓடிவந்தேன்.

சித்தப்பா முதுகில் இரண்டு வைத்தார். அம்மா கேப்பை அடை சுட்டுக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு பெண் வீட்டார் வந்து கோழிக் குழம்பு சாப்பிட்டுச் சம்மதம் சொன்னார்கள். விலாங்கை அதன் வீட்டில் சேர்த்த பெருமை பல வருடம் என்னிடம் இருந்தது.

போன வருடம் ஆற்று மீன்களைக் கணக்கெடுக்க ஒரு கல்லூரி மாணவி ஊருக்கு வந்தாள். அணைக்கு மேலே இப்போது விலாங்கே தட்டுப்படுவதில்லை என்றாள். நான் இதைச் சொன்னேன். கண் பெருத்ததைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்தினாள். விலாங்கு கடலில் பிறந்து, குஞ்சாக ஆறேறி வந்து, வருடக்கணக்கில் வளர்ந்து, முட்டையிட ஒரே ஒரு முறை கடலுக்குத் திரும்புமாம். கிளம்பும் காலம் வந்தால் தீனியை விட்டுவிடுமாம். ஆழ்கடல் இருட்டுக்காகத்தான் கண் பெருக்குமாம்.

"அணையைத் தாண்டி ரோடு வரைக்கும் வந்திருக்குதுன்னா பெரிய விஷயம்க்கா. அப்புறம் எங்க வுட்டீங்க?"

"அணைக்குள்ளதான்" என்றேன்.

தொட்டியில் அது மூக்கைத் தேய்த்த கிழக்குப் பக்கம்தான் கடல். எப்படியோ சுவரைத் தாண்டி வந்துவிட்ட ஒன்றை, ஒன்பது வயதில், மழையில் நனைந்துகொண்டே பத்திரமாகச் சுமந்துபோய், மறுபடியும் அந்தச் சுவருக்குப் பின்னால் விட்டிருக்கிறேன்.