மேடையில் தொங்கிய மனிதர்

என் கணவர் வளைகுடாவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவு போய் ஊர் திரும்பியபோது, எனக்கு வந்த முதல் கவலை அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது என்பது. அவர் நல்ல உயரமும் கனமும் உள்ள ஆள். நான் அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டேன். காலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பார்கள். சாயங்காலம் மறுபடியும் வந்து கட்டிலில் கிடத்துவார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவர்கள் போன பிறகு இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"ஒவ்வொருத்தனும் எனக்க கக்கத்துல கைய விட்டுத் தூக்குகான். நான் என்ன சாக்கு மூட்டையா?" என்று ஒருநாள் கேட்டார்.

திருவட்டாறு பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கப்பிகளைப் பற்றி வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு யோசனை வந்தது பக்கத்துத் தோட்டத்தில் கிணற்று மோட்டாரைத் தூக்கியதைப் பார்த்தபோதுதான். முக்காலி நட்டு, சங்கிலிக் கப்பி மாட்டி, ஒரே ஒரு ஆள் நின்று சங்கிலியை இழுக்க, அத்தனை பெரிய மோட்டார் அலுங்காமல் மேலே வந்தது. அன்றைக்கே வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

முதலில் செய்த சட்டம் அரிசி மூட்டையை மாட்டியதுமே குப்புறக் கவிழ்ந்தது. இரண்டாவதில் கட்டிலுக்கு அடியில் நுழையும்படி கால்களை நீட்டிவைத்து, சக்கரம் போட்டோம். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் தையல்காரர் ஒரு தூளி தைத்துத் தந்தார். அதில் அவரை உட்காரவைத்து நான் சங்கிலியை இழுத்தேன். அவர் மெல்ல மேலே எழும்பினார். பயத்தில் கெட்ட வார்த்தை சொன்னார், பிறகு சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

"இது யானைடி. தும்பிக்கையால தூக்கி வைக்குகு" என்றார். அன்றிலிருந்து அதற்கு எங்கள் வீட்டில் யானை என்று பெயர். அவரைத் தூக்க வெளியாள் யாரும் வர வேண்டியிருக்கவில்லை.

ஒரு பொறியியல் கல்லூரியில் புத்தொழில் போட்டி நடத்தும் ஒருங்கிணைப்பாளர் எங்கள் பள்ளிக்கு விளம்பரத் தாள் கொடுக்க வந்தார். இளைஞர். யாரோ யானையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். என்னைத் தேடி வந்து, "மேடம், நீங்க கண்டிப்பா கலந்துக்கணும். உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் இந்த மேடை" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் பக்கம் பிள்ளைகள் வெளிநாட்டில், அப்பனோ அம்மையோ கட்டிலில் என்று எத்தனையோ வீடுகள் உண்டு. யாராவது முன்வந்து இதை நிறையச் செய்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன்.

போட்டிக்கு முன் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். எப்படி நிற்பது, எங்கே குரலை இறக்குவது, எந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்துவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பொருளைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஒருங்கிணைப்பாளர் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், கப்பியில ஒரு சென்சார் வச்சு, சாரோட எடையை மொபைல்ல காட்டலாமே?" என்றார்.

"எதுக்கு?"

"ஜூரிக்குப் பிடிக்கும்."

"அவரு எடை தெரிஞ்சு யாருக்கு என்ன ஆகப்போவுது?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "சரி, சென்சார் வேண்டாம். ஆனா சாரைக் கூட்டிட்டு வந்துடுங்க. மேடையில லைவா தூக்கிக் காட்டுங்க. அதுக்குப் பிறகு உங்களை யாரும் அசைக்க முடியாது" என்றார்.

வீட்டில் சொன்னால் இவர் கத்துவார், அதையே சாக்காக வைத்து விலகிவிடலாம் என்று நினைத்தேன். அவரோ, "வாறேன்" என்றார். "பின்ன என்னட்டி? இஞ்ச கிடந்து கூரையத்தானே பாத்துட்டு இருக்கேன். அங்க நாலு மனுசரப் பாக்கலாம். அரிசி மூட்டையத் தூக்கிக் காட்டினா எவன் நம்புவான்?"

ஒரு வேன் பிடித்து, பின்னால் குட்டி யானை லாரியில் எங்கள் யானையை ஏற்றிக்கொண்டு போனோம். போட்டி நடந்த கட்டடம் புதிது. முகப்பு முழுக்கக் கண்ணாடி, மேலே பெரிய எழுத்தில் 'புதுமை மையம்'. வாசலில் படிகள் அடுக்கடுக்காக ஏறின. நாற்காலியை உருட்டிக்கொண்டு போக ஒரு சரிவுப் பாதை எந்தப் பக்கமும் இல்லை. மாணவர்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். இன்னொருவன் முன்னால் பின்னோக்கி நடந்தபடி அதைப் படம் எடுத்தான். இவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தார். யாரும் கக்கத்தில் கை விடக்கூடாது என்பதற்காகத்தான் அந்த யானையையே செய்தோம்.

முதல் சுற்று ஓர் அறையில் நடந்தது. நடுவர்கள் வரிசையாக இருந்தாலும் கேள்வி கேட்டது நடுவில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தவர் மட்டும்தான். எனக்கு முன்னால் பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு பெண். அவளிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு. ரப்பர்ப் பாலில் மரச்சீனிக் கிழங்கு மாவைச் சேர்த்து ஏதோ பக்குவத்தில் உறையவைத்திருக்கிறாள். விரலால் மெதுவாக அமுக்கினால் களிமண் போல இளகியது. சுத்தியலால் ஓங்கி அடித்தால் அந்த நொடி மட்டும் கல்லாகிச் சுத்தியலைத் திருப்பி அனுப்பியது. என் கணவர் அதைக் கேட்டு வாங்கி, அமுக்கியும் குத்தியும் பார்த்தார்.

"சரிம்மா, இதை யார் வாங்குவாங்க?" என்று கோட்டுக்காரர் கேட்டார்.

"இன்னும் தெரியல்ல சார். இப்படி ஒண்ணு வருகுன்னு கண்டுபிடிச்சிருக்கேன். எதுக்கு ஆகும்னு இனிதான் பாக்கணும்."

அறையில் சிரித்தார்கள். "இன்னோவேஷன் எல்லாம் ஓகே. ஆனா பிராக்டிகலா யோசிக்கணும். யூஸ் இல்லாத கண்டுபிடிப்பை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார் அவர். அந்தப் பெண் தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அடுத்து நான். நான் சொல்லி முடித்ததும் அதே மனிதர், அதே நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இது பெரிய ஆஸ்பத்திரிகள்ல ஏற்கெனவே இருக்கே. இதுல இன்னோவேஷன் எங்க இருக்கு?" என்றார்.

"புதுசு ஒண்ணும் இல்ல சார்" என்றேன். "ஆஸ்பத்திரியில உள்ளது எங்க வீட்டு வாசல்ல நுழையாது. கெட்டுப்போனா பாக்க ஆளு கிடையாது. இதை எந்த வெல்டிங் பட்டறையிலயும் செய்யலாம். கப்பி கோளாறானா மோட்டார் தூக்குதவரு வந்து பாத்துருவாரு."

"அது பிராக்டிகல். ஒத்துக்கறேன். ஆனா பிராக்டிகலா இருந்தா மட்டும் போதாதே மேடம். புதுசா என்ன?"

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அவளிடம் பயன் எங்கே என்று கேட்ட வாயின் ஈரம்கூடக் காய்ந்திருக்காது. சாக்கடையில் கை பட்டதுபோல் எனக்கு உடம்பு கூசியது. புதுமையா, பயனா என்பதில் அந்த மனிதருக்கு ஒரு கருத்து இருந்திருந்தால், அது எதுவானாலும் நான் மதித்திருப்பேன். அவரிடம் கருத்து எதுவும் இல்லை. எதிரே நிற்பவரிடம் எது இல்லையோ அதைக் கேட்பது மட்டும் தெரிந்திருந்தது.

ஆனாலும் இறுதிச் சுற்றுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டேன். "சார் இருக்காருல்ல மேடம். ஆடியன்ஸ் உருகிடுவாங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர், என்னவோ எனக்கு நல்ல செய்தி சொல்வதுபோல்.

அரங்கு நிறைய மாணவர்கள். மேடைக்கும் அவரைத் தூக்கித்தான் ஏற்றினார்கள். நான் தூளியை மாட்டிச் சங்கிலியை இழுக்க ஆரம்பித்ததும், விளக்குகளை மங்கலாக்கி, சோகமாக ஒரு வயலின் இசையைப் போட்டார்கள். அதைப் பற்றி எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் நாற்காலியிலிருந்து மேலே எழும்பி, சட்டத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தார். ஒருங்கிணைப்பாளர் ஒலிபெருக்கியோடு வந்து அவர் வாயருகே பிடித்தார்.

"சார், இந்த நிமிஷம் உங்க மனசுல என்ன ஓடுது?"

என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவுதான் கிடையாது, உணர்ச்சி கொஞ்சம் மிச்சம் உண்டு. அவர் நிதானமாகச் சொன்னார்: "மூத்திரம் முட்டுகு தம்பி. காலையில இருந்து அடக்கிட்டு இருக்கேன். இஞ்ச இந்த நாற்காலி நுழையுத கக்கூஸ் எங்க இருக்கு?"

அரங்கில் எங்கோ ஒருவன் சிரித்தான். ஒருங்கிணைப்பாளர் அசரவில்லை. "இவ்வளவு கஷ்டத்துலயும் சாரோட நகைச்சுவை உணர்வைப் பாருங்க! ஒரு பெரிய கைதட்டல்!" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள். இவர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. இப்போதும் எங்காவது கூட்டமாகக் கைதட்டும் ஓசை கேட்டால் எனக்கு வாயில் கசக்கிறது.

அவரை இறக்கி, மேடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். கழிப்பறைக் கதவு நாற்காலியை விட ஒடுக்கம். கிழிந்த பழைய பேனர்கள் கிடந்த ஒரு மூலையில், திரைச்சீலை மறைவில், காலித் தண்ணீர்க் குப்பியை நான் பிடித்துக்கொண்டேன். திரைக்கு அந்தப் பக்கம் அடுத்த குழு பேச ஆரம்பித்திருந்தது. தேங்காயைப் படம் எடுத்தால் முற்றலா இளசா என்று சொல்லும் ஆப். இந்தியா முழுக்க எத்தனை தேங்காய், அதில் எத்தனை கோடிச் சந்தை என்று ஒரு பையன் தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, தேங்காயத் தட்டிப் பாக்க இவனுவளுக்குக் கை இல்லியா?" என்று இவர் கிசுகிசுத்தார். எனக்குச் சிரிப்பு வந்து கை ஆடியது. "நேரே பிடிட்டி, வேட்டியில ஆவுகு" என்றார்.

முதல் பரிசு தேங்காய் ஆப்புக்குத்தான் கிடைத்தது. வெளியூர்ப் பையன்கள். வேன் வரக் காத்திருந்தபோது அவர்களே வந்து எங்களோடு பேசினார்கள். மரியாதையான பிள்ளைகள். "யாராவது இதை உபயோகிக்குறாங்களா?" என்று கேட்டேன். "இதுவரைக்கும் இல்லக்கா. இந்த ஆப்பை வச்சு நிறைய இடத்துல ஜெயிச்சிருக்கோம். அடுத்த மாசம் கோயம்புத்தூர்ல ஒரு ஃபைனல் இருக்கு" என்றான் ஒருவன், ஒளிவுமறைவில்லாமல். போட்டிகளில் ஜெயிப்பதுதான் அவர்கள் தொழில் என்று அப்போது புரிந்தது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெரியவர்கள் எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்த்து, அதைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களுக்குத் 'தன்னம்பிக்கைச் சிறப்பு விருது' என்று கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு தந்தார்கள். கோட்டுக்காரர் குனிந்து என் கணவரின் கையைப் பற்றிக்கொண்டு, "நீங்க எங்க எல்லாருக்கும் ஒரு இன்ஸ்பிரேஷன் சார்" என்றார்.

"நான் சாரத்துல இருந்து விழுந்தேன். அதுல என்ன சார் இருக்கு? யானையச் செய்தது இவ" என்றார் இவர். கோட்டுக்காரர் அதற்குள் கேமரா பக்கம் திரும்பியிருந்தார்.

திரும்பும் வழியில் தக்கலை தாண்டியதும் இவர், "அந்தப் பிள்ளைக்க ரப்பர்த் தகடு நல்லா இருந்து, என்னா?" என்றார்.

ஒரு வாரத்தில் இணையத்தில் வீடியோ வந்தது. இவர் தொங்குகிறார், வயலின் அழுகிறது, நான் சங்கிலி இழுக்கிறேன், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். அவர் கேட்ட கேள்வியை வெட்டி எடுத்துவிட்டார்கள். துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் சொந்தக்காரர்கள் அழுகிற முகங்களைப் போட்டு எங்களுக்கே அதை அனுப்பினார்கள். நான் ஒருங்கிணைப்பாளருக்கு போன் செய்து, அதை எடுத்துவிடச் சொன்னேன்.

"மேடம், நல்லா போயிட்டிருக்கு. உங்களுக்கும் நல்லதுதானே?" என்றார்.

இதில் எனக்கு மிகவும் அருவருப்பானது, அவர் சொன்னது பலித்ததுதான். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஆட்கள் எங்களைத் தேடி அழைக்க ஆரம்பித்தார்கள். அம்மை விழுந்துவிட்டாள், அப்பாவுக்கு வாதம், அந்தச் சாமான் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். நான் வெறுத்த அதே படத்தின் வழியாகத்தான் அவர்கள் வந்தார்கள்.

அந்தப் பாலிடெக்னிக் பெண்ணை மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் ஒருமுறை பார்த்தேன். வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போய்க்கொண்டிருந்தாள். தகடு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "வீட்டுல கதவு காத்துக்கு அடிக்காம இருக்க இடையில வச்சிருக்கு அக்கா. யூஸ் கேட்டாவளே, இப்ப யூஸ் ஆவுகு" என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அதை விட்டுவிடாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பேருந்து வந்துவிட்டது, அவள் ஓடிப்போய் ஏறினாள்.

வருகிற அழைப்புகளை இப்போது இவர்தான் எடுக்கிறார். 'அந்த வீடியோவுல தொங்கினவரா?' என்று எதிர்முனையில் கேட்பது எனக்கு அடுக்களைவரை கேட்கும். காதில் விழாமலிருக்கக் குழாயைத் திறந்துவிடுவேன். இவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"ஓ, நான்தான். உங்க அம்மைக்கு எடை எம்புடு? கொறச்சுச் சொல்லாதியும், கம்பி வளைஞ்சு போவும். கட்டிலுக்கு அடியில எம்புடு இடம் இருக்கு? போய் அளந்துட்டு வாரும், நான் லைன்ல நிக்கேன்."

போன ஞாயிற்றுக்கிழமை அருமனைக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்ட வீட்டுக்கு ஒன்றைக் கொண்டுபோனோம். அளவெல்லாம் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால் நடைவாசலை அளக்க மறந்துவிட்டார்கள். யானை உள்ளே நுழையவில்லை. வெல்டிங்காரரை வரவழைத்து, கால்களை அறுத்து நெருக்கி ஒட்டி முடிக்கச் சாயங்காலம் ஆனது. இவர் முற்றத்தில் நாற்காலியில் இருந்தபடி வெல்டிங்காரரிடம், இன்னும் கொஞ்சம் உள்ளே, இன்னும் கொஞ்சம் உள்ளே என்று கத்திக்கொண்டே இருந்தார்.