நௌபர் நானாவின் பேருக்கு இன்னும் ஐந்நூறு

"ஆயிரத்து நூறு," என்கிறார் நௌபர். பூசணிக்காயை அவர் பார்க்கவேயில்லை. பார்வை எங்கோ ஒரு தென்னை மரத்தின் உச்சியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நடக்கும் ஏலத்தில், பொருளைப் பார்த்துக்கொண்டு விலை கேட்பவன் தேவைக்காரன் என்பது அவர் கட்சி. தேவைக்காரனுக்கு மதிப்பில்லை. யாரோ நேர்ச்சையாகக் கொண்டுவந்து வைத்த அந்தக் காய், சந்தையில் முந்நூறு ரூபாய்க்கு மேல் போகாது. மூன்று தரம் கூவிய பின் அது அவருக்கு விழுகிறது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "காயப் பள்ளிக்கே வைங்க. இன்னொருக்கா ஏலம் உடுங்க," என்கிறார். கூட்டத்தில் "ஆ" என்று ஒரு சத்தம் எழுகிறது. ஆயிரத்து நூறும் அந்தச் சத்தத்துக்குத்தான்.

வீட்டில் மனைவி சனூஸா பருப்பைக் கிண்டிக்கொண்டிருப்பாள். "இண்டைக்கு எத்தின தரம் வித்தீங்க அந்தப் பூசணிக்காய?" என்று கேட்பாள். "ஊர் முழுக்க உங்கட பேரு. சட்டிக்குள்ள பருப்பு."

நௌபருக்கு நாற்பத்தாறு வயது. கதிரை வாடகைக்கு விடுவது தொழில். கலியாணமோ, இழவு விழுந்த மௌத்து வீடோ, கட்சிக் கூட்டமோ, கிண்ணியாவில் நாலு பேர் சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் அவருடைய இருநூற்றெண்பது பிளாஸ்டிக் கதிரைகள் வந்தாக வேண்டும். விருந்துக்குப் போனால் மாப்பிள்ளையை அவர் கவனிப்பதில்லை, கதிரைக் கால்களைத்தான் கவனிப்பார். உடம்பு பெருத்த ஒருவர் பின்னால் சாய்ந்தால் இவருடைய முகம் சுருங்கும். ஆனால் வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார். "இஞ்சால வந்து இரிங்களேன், நல்ல காத்து வருது," என்று கூட்டிப்போய், இரண்டு கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்திருக்கும் இடத்தில் உட்காரவைப்பார்.

தனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. உச்சி வெயிலில் நூறு கதிரை இறக்கிவிட்டு நிற்பவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், "இப்பதான் குடிச்சனான்," என்பார். குடித்திருக்கமாட்டார்.

அந்தப் பள்ளிவாசல் முற்றத்துக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கேட்ட விலைக்கு மேல் இன்னொருவர் ஏற்றினால் அது போட்டியாகாது, மரியாதை. பள்ளிக்குக் காசு சேரும். முதலில் கேட்டவருக்கு இன்னும் அள்ளிக் கொடுக்க ஒரு வாய்ப்பும் கிடைக்கும். "நௌபர் நானாட பேருக்கு இன்னும் நூறு!" என்று புடவைக்கடை முனாஸ் கத்துவார். நௌபர் இருநூறு ஏற்றுவார். தன்னை ஏற்றிவிட ஆளில்லாத வெள்ளிக்கிழமைகளில் அவருக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்ட மனிதர்தான் மகளுக்குப் பழைய சைக்கிள் வாங்கப் புறப்பட்டார்.

மகள் நப்லா உயர்தரம் படிக்கிறாள். இரசாயன வகுப்பு காலை ஆறு மணிக்கு, வீட்டிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால். முதல் பஸ் வருவதே ஆறரைக்கு. இதுவரை பக்கத்து வீட்டு ரிஸ்னாவின் சைக்கிளில் பின்னால் ஏறிப் போனவள். ரிஸ்னா கலியாணம் முடித்துத் தோப்பூருக்குப் போய்விட்டாள், சைக்கிளும் கூடவே போய்விட்டது. நாலு வகுப்பு தவறிவிட்டன. அடுத்த திங்கட்கிழமையும் வராவிட்டால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதாக ஆசிரியர் சொல்லிவிட்டார். சனூஸா தன் சீட்டுக் காசு இருபதாயிரத்தை எடுத்து மேசையில் வைத்து, "இதுக்கு மேல ஒரு சதமும் இல்ல," என்றாள்.

பேஸ்புக்கில் திருகோணமலைக்காரர்கள் பழைய சாமான்களை ஏலம் விடும் ஒரு குழுவை நப்லா கண்டுபிடித்தாள். பாக்கியரத்தினம் என்ற ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், மகள் ஸ்கூட்டிக்கு மாறிவிட்டதால், அவளுடைய நீல நிற ஜப்பான் சைக்கிளைப் போட்டிருந்தார். முன்னால் கூடை, பின்னால் கரியர். ஆரம்ப விலை ஒன்பதாயிரம். ஏற்றுவதானால் குறைந்தது ஐந்நூறாவது ஏற்றிப் படத்தின் கீழே எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேலே நிற்கும் விலைக்குச் சைக்கிள்.

நப்லா வாப்பாவின் பெயரில், வாப்பாவின் போனிலிருந்து கேட்டாள். எதிரில் நின்றது நிலாவெளிக்காரர் ஒருவர் மட்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அவள் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு போட்டதும் அவர், "எனக்கு இதுக்கு மேல ஏலாது, நீங்களே எடுங்க," என்று எழுதி ஒதுங்கினார். நப்லா சிரித்துக்கொண்டே போனை வாப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தேநீர் போடக் குசினிக்குப் போனாள்.

நௌபர் திரையைப் பார்த்தார். ஏலத்தில் வெல்லப்போகிறார்; ஆனால் ஒரு குருவிகூடப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இப்படி ஒரு வெற்றியை அவர் அறிந்ததில்லை. ஏலத்தின் இணைப்பைத் தூக்கிப் பள்ளிவாசல் கூட்டாளிகளின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். நூற்று நாற்பது பேர். கூடவே குரலையும் பதிந்து அனுப்பினார்: "சின்னதொரு ஏலம் ஓடுது. ஆறு மணிக்கு முடியும். சும்மா வந்து பாருங்களேன்."

சும்மா வந்து பார்க்கிற பழக்கம் அவர்களில் யாருக்கும் இல்லை.

"நௌபர் நானாட பேருக்கு இன்னும் ஐந்நூறு," என்று முனாஸ் முதலில் எழுதினார். நௌபரின் விரல் தானாகவே ஐந்நூறு ஏற்றியது. அடுத்து மீன் வாடிக்காரர் சஜீத்: "எங்கட நானாவ உடுவமா?" பதினாலாயிரம். நப்லா தேநீரோடு திரும்பியபோது விலை பதினைந்தைத் தாண்டியிருந்தது.

"வாப்பா! இவங்கெல்லாம் ஆரு?"

"நம்மட ஆக்கள்தான்."

"நம்மட ஆக்கள் ஏன் ஏத்துறாங்க? சஜீத் மாமாக்கு லேடீஸ் சைக்கிள் என்னத்துக்கு?"

"அது மரியாத மகள். உனக்கு விளங்காது," என்றபடியே நௌபர் இன்னும் ஐந்நூறு ஏற்றினார்.

பாக்கியரத்தினம் திகைத்துப் போனார். நேர்மையான மனிதர், பதினாறாயிரத்தில் மனம் பொறுக்காமல் எழுதினார்: "அன்பர்களே, பின் பிறேக் சற்று இறுக்க வேண்டியுள்ளது." உடனே விலை பதினாறரை ஆனது. பதினேழில், "சீற் ஓரமும் கொஞ்சம் கிழிந்துள்ளது," என்றார். "மாஷா அல்லாஹ், உண்மை பேசுற மனிசன்," என்று பாராட்டிப் பதினேழரை போட்டார் முனாஸ். பாக்கியரத்தினம் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. சைக்கிளின் குறையைச் சொல்லச் சொல்ல விலை ஏறும் ஊரோடு அவர் எப்படிக் கதைப்பார்?

ஐந்தே முக்காலுக்கு ஊர்ப் பெரியவர் அப்துல் மஜீத் ஹாஜியாரே வந்துவிட்டார். "நம்மட நௌபரா? அப்ப நானும்," என்று ஒரே அடியில் பத்தொன்பதாயிரம்.

இனி நௌபரிடம் இருப்பது இரண்டே ஏற்றங்கள். குசினி வாசலில் சனூஸா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு சொல்லு சொல்லுங்களேன் வாப்பா," என்றாள் நப்லா. கன்னம் நனைந்திருந்தது. "நமக்கு வேணும் எண்டு. அவங்களுக்குத் தெரியாதுதானே."

"அப்பிடிக் கேக்க ஏலாது மகள்."

"அப்ப திங்கக்கிழம நான் எப்பிடிப் போற?"

நௌபர் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். மணி ஐந்து ஐம்பத்திரண்டு. "வேணும்" என்று எழுதினார், அழித்தார். "உங்கட அன்புக்கு நன்றி" என்று எழுதினார், அதையும் அழித்தார். நெற்றி வியர்வை திரையில் சொட்டியது, பனியனால் துடைத்தார். பதினாறு வருடமாக அந்த முற்றத்தில் சம்பாதித்த பெயரெல்லாம் ஒற்றை விரலின் நுனியில் நின்று ஆடியது. கடைசியில் கண்ணை இடுக்கிக்கொண்டு, கசப்பு மருந்து குடிக்கிறவர் போல அனுப்பினார்:

"பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. ஆரும் ஏத்த வேணாம். மகள் வகுப்புக்குப் போகச் சைக்கிள் தேவை. என்னட்ட வேற காசில்ல."

ஒரு நிமிடத்துக்குப் பிறகு முனாஸ்: "மன்னிக்கணும் நானா, தெரியாமப் போச்சு." சஜீத் கைகூப்பிய படம் ஒன்றை அனுப்பினார். ஹாஜியார் எழுதினார்: "புள்ள நல்லாப் படிக்கட்டும். ஒருத்தரும் ஏத்தப்படாது, சொல்லிப்போட்டன்."

ஒருத்தரும் ஏற்றவில்லை. கிண்ணியா முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருக்காக விட்டுக்கொடுத்தது.

"இன்னும் ரெண்டு நிமிசம்," என்றாள் நப்லா. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சனூஸாவின் கைகூட இடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. நௌபர் மட்டும் அந்தக் கைகூப்பிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம் பார்த்து விடப்பட்ட ஏலத்தில் அவர் இதற்கு முன் நின்றதில்லை. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"ஒரு நிமிசம்... வாப்பா? என்ன எழுதுறீங்க? மேல நிக்கிறதே நீங்கதானே வாப்பா!"

நௌபர் பார்வையை முகட்டு ஓட்டுக்கு உயர்த்திக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்தினார்: "இருபதாயிரம்."