அங்கேயும் தண்ணீர், இங்கேயும் தண்ணீர்

ஆத்மநாதனுக்கு சர்க்கார் கொடுத்த பேர் கிராம உதவியாளர். ஊர் வாயில் அவர் இன்னும் தலையாரிதான். திருவரங்குளத்துக்குக் கிழக்கே இருக்கிற அந்தச் சின்ன ஊரில் இருபத்தாறு வருஷமாக நோட்டீஸ் ஒட்டுவதும், விசாரணைக்கு வரும் வி.ஏ.ஓ.வுக்கு வீடு காட்டுவதும் அவர் வேலை. இது போதாதென்று இன்னொரு வேலையையும் தானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டார். காலையில் சின்னப்பிள்ளையின் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பரை ஒரு வரி விடாமல் படித்து, படித்ததை ஊருக்கு விளக்கிச் சொன்ன பிறகுதான் ஆபீஸ் சாவியை எடுப்பார். சம்பளம் இல்லாத அந்த வேலையில் மனுஷனுக்கு அப்படி ஒரு குஷி.

சித்திரையில் வந்த ஒரு சேதியை அவர் மூன்று நாள் விளக்கினார். நூற்றிருபத்து நாலு ஒளியாண்டு தள்ளி ஒரு சிவப்பு நட்சத்திரமாம். அதைச் சுற்றுகிற கிரகம் ஒன்றில் கடலே இருக்கலாமாம். ஒளியாண்டு என்றால் காலம் இல்லையப்பா, தூரம் என்று புரியவைப்பதற்குள் இரண்டு டீ ஆறிப்போனது. வாழத் தகுந்த மண்டலம் என்று பேப்பரில் போட்டிருந்ததுதான் யாருக்கும் பிடிபடவில்லை. ஆத்மநாதன் தனக்குத் தெரிந்த பாஷையில் இறங்கினார்.

“நட்சத்திரத்துக்கு ரொம்பக் கிட்டவும் இல்ல, எட்டியும் இல்ல. தண்ணி ஆவியாயும் போகாது, ஒறஞ்சும் போகாது. தண்ணி நின்னா மனுசன் குடியிருக்கலாம்ல? நம்ம ரெக்கார்டுல சொன்னா அது நத்தம்.”

நத்தம் என்றால் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. வீடு கட்டிக் குடியிருக்கலாம் என்று சர்க்கார் விட்ட நிலம். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று சின்னப்பிள்ளை கேட்டார், கடையே சிரித்தது. பால் ஊற்ற வந்த பொன்னுத்தாயும் சிரித்தாள். ஆத்மநாதனின் அக்கா அவள். தம்பி நாலு பேர் மத்தியில் பேசுவதைக் கேட்பதற்காகவே பால் கேனை மெதுவாகக் கவிழ்ப்பாள்.

பொன்னுத்தாயின் வீடு நத்தத்தில் இல்லை. அங்கேதான் வினை. புருஷனைப் பறிகொடுத்து இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஊர் திரும்பியபோது, ஆவாரங்குளத்துக்குள் ஒரு மேட்டைக் காட்டி, இங்கே போட்டுக்கொள் என்று சொன்னதே ஆத்மநாதன்தான். குளம் என்று பேர்தான். தண்ணீர் வரும் வாரி தைலமரக் காட்டுக்குள் தூர்ந்துபோய், அப்போதே குளம் காய்ந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. தலையாரி நான் இருக்கும்போது உனக்கென்ன பயம் என்று அன்றைக்கு மார்தட்டினார் மனுஷன். அந்த வாயை நம்பி அக்கா மண் குழைத்தாள். வீட்டு வரி கட்டினாள், கரண்டு வாங்கினாள். கஜா புயல் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது தகரம் வாங்கிப் போட்டாள்.

ஆவணியில், நீர்நிலைகளில் இருக்கிற வீடுகளை எடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு வந்தது. வி.ஏ.ஓ. ரஞ்சிதா ஏழு நோட்டீஸை மேஜையில் வைத்தார். நாலாவது நோட்டீஸில் பொன்னுத்தாய் பேர். ரஞ்சிதா கெட்ட பெண் இல்லை. அவராலும் ஒன்றும் செய்ய முடியாது, அவருக்கு மேலே இருப்பவராலும் முடியாது. யாராலும் முடியாத ஒரு காரியம் மட்டும் தேதி குறித்து நடந்துகொண்டிருந்தது.

ஆத்மநாதன் தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை அலைந்தார். குளத்தில் தண்ணீர் இல்லை, ஒரு தடவை வந்து பாருங்கள், நத்தமாக மாற்றிக்கொடுங்கள் என்று மனு எழுதிக் கொடுத்தார். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது பேச்சே இல்லை, ரெக்கார்டில் குளம் என்று இருக்கிறது, நீங்களே ஆபீஸ் ஆள், உங்களுக்குத் தெரியாதா என்று கிளார்க் கேட்டார். தெரியாமல் என்ன? இதே பதிலை ஊரில் எத்தனை பேருக்கு அவரே சொல்லி அனுப்பியிருக்கிறார். இப்போது தனக்கு வந்தபோதுதான் அது சுட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் பேப்பரைப் பிரித்தால் மறுபடியும் அந்தக் கிரகம். தண்ணீர் இருக்கலாம் என்றவர்களோடு வேறு சில விஞ்ஞானிகள் மல்லுக்கு நிற்கிறார்கள். அவசரப்படக் கூடாது, இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஆத்மநாதனுக்கு வயிறெரிந்தது. அத்தனை தூரத்துத் தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள், இந்தக் குளத்தை ஒரு தடவை எட்டிப் பார்க்க நாதியில்லை! அங்கே ‘இருக்கலாம்’ என்று எழுதுகிறார்கள். அவருடைய ரெக்கார்டில் ‘இருக்கலாம்’ என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. அந்த நட்சத்திரத்திலிருந்து இன்று வந்து சேரும் வெளிச்சம் புதுக்கோட்டையில் மன்னர் இருந்த காலத்தில் கிளம்பியது. இந்தக் குளத்தை அளந்து எழுதியதும் மன்னர் காலத்தில்தான். அன்றைக்குத் தளும்பிய தண்ணீரை ஆபீசில் இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

வேறு ஆளை அனுப்பச் சொல்லலாமா என்று யோசித்தார். யார் கொண்டுபோனாலும் நோட்டீஸ் அதேதான். மற்ற ஆறு வீடுகளிலும் கொடுத்துவிட்டுக் கடைசியாக அக்கா வீட்டுக்குப் போனார். அவளுக்கு எழுத்து தெரியாது. நின்றபடியே படித்துக் காட்டினார். இருபத்தோரு நாளில் காலி செய்ய வேண்டும். பொன்னுத்தாய் மாட்டுக்கு வைக்கோல் உதறியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்த நச்சத்திரத்துக்கிட்ட தண்ணி இருந்தாக் குடியிருக்கலாம்னு சொன்ன. இங்க தண்ணி இருக்குன்னு குடியிருக்கக் கூடாதுங்கிற. எங்கிட்டு தம்பி இருக்கு அந்தத் தண்ணி? நான் ரெண்டு கிலோமீட்டர் போயில்ல சொமந்துட்டு வாரேன்?”

“ரெக்கார்டுல இருக்குக்கா” என்றார் ஆத்மநாதன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

நீதானே இந்த இடத்தைக் காட்டினாய் என்று அக்கா கேட்பாள் என்று காத்திருந்தார். மண்ணை வாரித் தூற்றினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அவள் கேட்கவில்லை. வைக்கோலைப் போட்டுவிட்டுக் கிட்டே வந்தாள்.

“நான் வாங்கலைன்னா ஒன் வேலைக்கு எதும் வருமா?”

அவர் கைநாட்டு வைக்க வேண்டிய நகலை எடுத்து விரித்தார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டாள். மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்தே தேய்ந்துபோன விரல் அது. காகிதத்தில் ரேகை விழவில்லை, வெறும் மைத்திட்டுதான் விழுந்தது. பக்கத்தில் இன்னொரு தடவை வைத்தாள். அதுவும் திட்டுதான். ரேகை இல்லையென்றால் ஆபீசில் திருப்பி அனுப்புவார்கள் என்று அவளுக்கும் தெரியும், ரேஷன் கடையில் பட்டிருக்கிறாள்.

“நான் வச்சா விழ மாட்டேங்குது. நீயே புடிச்சு அழுத்து” என்றாள்.

ஆத்மநாதன் அக்காவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டி, நோட்டீஸ் நகலின் மேல் வைத்து, பலம் அத்தனையும் கொடுத்து அழுத்தினார். இந்தத் தடவை ரேகை தெளிவாக விழுந்தது.