இரண்டு படி ஏற்றி எழுதிய கடிதம்

ஒரு நல்ல தையல் மெஷின் மெக்கானிக்கை ஒரே கடிதத்தால் வேலைக்கு ஆகாதவளாக்கியவன் நான். பொறாமையில் செய்திருந்தாலாவது ஆள் கொஞ்சம் ஆபத்தானவன் என்று பெயர் வாங்கியிருப்பேன். பாசத்தில் செய்தேன். அதுவும் மூன்று பக்கத்துக்கு, நல்ல இங்கிலீஷில்.

என் தகுதிகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். பர்மாவில், லைங் தாயா என்ற இடத்தில் பனிக்கால ஜாக்கெட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருஷம் கிளார்க்காக இருந்தேன். யாரோ பனியில் போட்டுக்கொள்ளப் போகிற ஜாக்கெட்டைப் பற்றி வேர்த்து வழிந்தபடி கடிதம் எழுதுவது என் உத்தியோகம். எங்கள் முதலாளிக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு வரும் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. வேலையை விட்டுப் போகிறவருக்கு அனுபவச் சான்றிதழில் இரண்டு படி ஏற்றிக் கொடுப்போம். கேட்டைத் திறந்து மூடியவர் பாதுகாப்பு அதிகாரியாகப் போவார். டீ கொண்டுவந்த பெண் நிர்வாக உதவியாளராகப் போவாள். சம்பளத்தில் ஏற்றாததைக் காகிதத்தில் ஏற்றுவதால் முதலாளிக்குச் செலவில்லை, போகிறவருக்குச் சந்தோஷம், எனக்கு இலக்கியம். இத்தனை வருஷத்தில் ஒருவரும் குறை சொன்னதில்லை. ஒருவரும் படித்ததில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆர்டர்கள் நின்று தொழிற்சாலையை மூடியபோது, முதலாளி ஊருக்குப் போகிற அவசரத்தில் ஆபீஸின் கடிதத்தாள் கட்டையும் ரப்பர் ஸ்டாம்பையும் என்னிடம் கொடுத்து, யார் வந்து சான்றிதழ் கேட்டாலும் எழுதிக்கொடு என்று ஒரு அதிகாரக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தின்கன்ஜூனில் எங்கள் நாலாம் மாடி வீட்டில், துணி அலமாரிக்கு மேலே, ஒரு முழுத் தொழிற்சாலையின் கௌரவம் பிளாஸ்டிக் பையில் உட்கார்ந்திருந்தது.

அந்த மெக்கானிக் மிங்கலா தாங்ஞுன்டில் ரயில்வே லைனை ஒட்டிப் பிறந்த தமிழ்ப் பெண். அவள் வீட்டில் எல்லோரும் ரயில்வேயில் ஸ்பானர் பிடித்தவர்கள். இவள் ஸ்பானரைச் சின்னதாக்கிக்கொண்டு தையல் மெஷினுக்கு வந்தாள். தைக்கிற பெண்கள் எல்லோரும் அவளைச் சயாமா என்று கூப்பிடுவார்கள். பர்மியர்கள் வாத்தியாரம்மாவைக் கூப்பிடுகிற சொல், தொழில் தெரிந்தவளுக்கும் அதுதான். என்னை அவள் மாமா என்பாள். என்னை ஒருவரும் சயா என்று கூப்பிட்டதில்லை. அதை நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

தொழிற்சாலை மூடிய வருஷமே அவள் தம்பியைத் தேடி வீட்டுக்கு ராணுவ ஆட்கள் வந்தார்கள். தம்பி இல்லை. அடுத்த தடவை யார் இருக்கிறார்களோ அவர்களைக் கூட்டிப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுவாரம் அவள் தன் ஏழு வயது மகளோடு எல்லையைத் தாண்டித் தாய்லாந்துப் பக்கம் ஒரு சின்ன ஊருக்குப் போய்விட்டாள். அங்கே இரண்டு வருஷம் அகதி. தையல்கடைக்காரர்கள் பின்வாசல் வழியாக மெஷினைக் கொண்டுவருவார்கள், இவள் பழுது பார்த்துக் கொடுப்பாள், தெருவில் போலீஸ் வண்டி வந்தால் விளக்கை அணைப்பாள். மகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஸ்க்ரூக்களை அளவுப்படி பிரித்து டப்பாவில் போடுவதுதான் அவள் பாடம்.

அப்போதுதான் ஒரு தன்னார்வக் குழு அவளைக் கண்டுபிடித்தது. கைத்தொழில் தெரிந்த அகதிகளையும் ஆள் கிடைக்காமல் திண்டாடும் வெளிநாட்டு முதலாளிகளையும் சேர்த்துவைப்பது அவர்கள் வேலை. கிட்டத்தட்ட கல்யாணத் தரகு. முதலாளியே பொறுப்பேற்று வேலை விசாவுக்கு விண்ணப்பிப்பார், அகதி வரிசையில் வருஷக்கணக்காக நிற்க வேண்டாம். கனடாவில் கூடாரமும் படகுக்கு மூடுதுணியும் தைக்கிற ஒரு தொழிற்சாலை இவளை வீடியோவில் பார்த்துப் பிடித்துப்போய்ச் சரி என்றுவிட்டது. பாக்கி இருந்தது ஒரே ஒரு காகிதம், பழைய வேலைக்கான சான்றிதழ். எனக்குச் செய்தி அனுப்பினாள்.

"மாமா, நான் அங்க என்ன வேலை பாத்தேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. உள்ளதை எழுதினாப் போதும்."

எழுத்தில் ஆசை உள்ளவனிடம் சொல்லக்கூடாத வாக்கியம் அது. உள்ளதை எழுதுவதற்கு நான் எதற்கு?

மூன்று நாள் உட்கார்ந்தேன். அகதி, கூடவே ஒரு பெண் பிள்ளை, கனடா. வழக்கமான இரண்டு படி போதாது என்று தோன்றியது. இயந்திரப் பிரிவின் துணைத் தலைமைக் கண்காணிப்பாளர் ஆக்கினேன். திட்டமிட்டாள், வழிநடத்தினாள், ஒருங்கிணைத்தாள். மூன்று பக்கத்தில் ஸ்பானர் இல்லை, எண்ணெய் இல்லை, கை என்ற சொல்கூட இல்லை. அவ்வளவு பெரிய அதிகாரிக்குக் கிளார்க் கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்காது என்பதால், என் பெயருக்கு அடியில் மனிதவள மேலாளர் என்று போட்டுக்கொண்டேன். கடிதத்தின் நன்மைக்காகத்தான்.

என் மனைவிக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "எல்லாம் சரி, இதுல அந்தப் பொண்ணு எங்க இருக்கா?" என்றாள். உயர்ந்த நடையில் ஆள் தெரியாது என்று விளக்கினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தன்னார்வக் குழுவின் ஆள் மிக மரியாதையாக எழுதியிருந்தார். விண்ணப்பம் தையல் மெஷின் மெக்கானிக் வேலைக்கு. முன்பு செய்த வேலையும் அதுதான் என்று விசா அதிகாரி பார்க்க வேண்டும். கடிதத்தைப் படித்தால் இந்த அம்மாள் மெக்கானிக்குகளை மேய்த்தவர், மெக்கானிக் அல்ல. கனடா தொழிற்சாலையின் முதலாளியம்மாவும் தயங்குகிறார். தரையில் படுத்து மெஷினுக்கு அடியில் கைவிடுகிற ஆள்தான் அவருக்கு வேண்டும், ஒருங்கிணைக்க அவரே இருக்கிறார். பதினைந்து நாளில் சரிசெய்யாவிட்டால் இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போகும்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"என்னை எதுக்கு மாமா ஆபீஸராக்குனீங்க? ஆபீஸருக்கு அங்க வேலை இல்லையாம்," என்றாள். போனில் அவளுக்குப் பின்னால் டப்பாவில் ஸ்க்ரூ விழுகிற சத்தம் கேட்டது.

உடனே புதுக் கடிதம் எழுத அலமாரி மேலே பையை எடுத்தேன். பையில் ஸ்டாம்ப் மட்டும் இருந்தது. கடிதத்தாளெல்லாம் வழவழப்பான நல்ல தாள் என்பதால் என் மனைவி சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தாள். ஒவ்வொரு ஜாடியாகத் தூக்கிப் பார்த்தோம். தேறியது ஒன்று. அதன் மூலையில் ஙப்பி மீன் விழுது ஜாடி உட்கார்ந்த வட்டம், எண்ணெய்க் கறையோடு. அழுகின மீனின் வாசனை போட்டோவில் போகாது என்று தைரியம் சொல்லிக்கொண்டு அதில் எட்டு வரி எழுதினேன். மெஷின் பழுது பார்த்தாள், எண்ணெய் போட்டாள், பெல்ட் மாற்றினாள். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு மோசமான நடையில் நான் எழுதியதில்லை.

நான் யோசிக்காத ஒன்றை அவர்கள் யோசித்தார்கள். ஒரே ஸ்டாம்ப், ஒரே கையெழுத்து, ஒரே பெண், இரண்டு வேலை. எதை நம்புவது? கையெழுத்துப் போட்ட மனிதவள மேலாளரிடமே வீடியோவில் பேசிவிடுவது என்று முதலாளியம்மா முடிவு செய்தார்.

எங்களுக்குக் காலை எட்டு மணி, அவர்களுக்கு முந்தின நாள் சாயங்காலம். வீட்டில் கரண்ட் ஒன்பதுக்குத்தான் வரும். போன் சிக்னல் மூன்றாம் மாடித் திருப்பத்தில் மட்டும் ஒழுங்காகக் கிடைக்கும். எனவே மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும், கேமராவுக்குக் கீழே பழைய லோஞ்சிக் கைலியுமாகப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். திரையில் தன்னார்வக் குழுவின் இளைஞரும், கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட நரைத்த தலை அம்மாள் ஒருவரும். அகதிகளின் திறமையும் உலகத்தின் கடமையும் என்று நாலு நிமிஷப் பேச்சு ஒன்று தயார் செய்திருந்தேன்.

அந்த அம்மாள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. முதல் கடிதம் ஏன் அப்படி என்று கேட்டார். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். பாதுகாப்பு அதிகாரி, நிர்வாக உதவியாளர் எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியானால் நீங்கள் யார் என்றார்.

படிக்கட்டில் மொஹிங்கா நூடுல்ஸ் பொட்டலத்தோடு ஏறிவந்த இரண்டாம் வீட்டு அம்மா தாண்டிப் போக வழியில்லாமல் நின்றுவிட்டாள். இரண்டு பெண்கள் முன்னால் நான் சொல்லவேண்டி வந்தது. நான் மேலாளர் இல்லை. கடிதம் எழுதாத நேரத்தில் உடைந்த ஊசி ரெஜிஸ்டர் பார்த்த கிளார்க். அந்த ரெஜிஸ்டரில் இருந்த ஒரு கதையையும் சொன்னேன்.

ஏற்றுமதி ஜாக்கெட் தைக்கிற இடத்தில் ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, எங்கே கிடைத்தது என்று எழுதின பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு முனை ஜாக்கெட்டுக்குள் போய்விட்டால் அது ஏதோ ஒரு குழந்தையின் கழுத்தில் குத்தும். ஒருநாள் சாப்பாட்டு மணிக்கு முன்னால் ஓர் ஊசி உடைந்து முனையைக் காணோம். நாற்பது பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். எனக்குப் பசி. கிடைத்துவிட்டது என்று எழுதிவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்றேன். சயாமா மெயின் சுவிட்சை அணைத்து, யாரும் மெஷினை மறுபடி ஓட்டாதபடி ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். காந்தத்தை எடுத்து மெஷின் மேலே, எண்ணெய்த் தட்டில், தரையில், தைத்த ஜாக்கெட்டுகளில் ஒவ்வொன்றாக ஓட்டினாள். அரை மணி நேரம். கடைசியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "மாமா, எந்திரிங்க, திரும்புங்க," என்றாள்.

முனை என் லோஞ்சியின் பின்பக்க மடிப்பில் இருந்தது. கிடைத்துவிட்டது என்று எழுதிவிடலாம் என்றவனே அதை வைத்திருந்தான். நானே ரெஜிஸ்டரில் ஒட்டினேன். கிடைத்த இடம் என்ற கட்டத்தில் 'மெஷினுக்கு அருகில்' என்று எழுதினேன். பார்க்கப்போனால் அதுவும் இரண்டு படி ஏற்றியதுதான்.

இதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லி முடித்தபோது அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஃபியூஸைப் பையில் போட்டுக்கொண்டாளா என்று மறுபடி கேட்டார். ஆமாம் என்றேன். மெஷின் என்ன மாடல் என்றார். பச்சை நிறம் என்றேன். ஏதோ குறித்துக்கொண்டார். நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். என் நாலு நிமிஷப் பேச்சு சட்டைப் பையிலேயே இருந்தது. மொஹிங்கா ஆறிப்போன இரண்டாம் வீட்டு அம்மா என் லோஞ்சியை ஒருமுறை பார்த்துவிட்டு மேலே ஏறினாள்.

அடுத்த ஒன்பது நாள் நான் யாரிடமும் இலக்கியம் பேசவில்லை. பத்தாவது நாள் அவள் செய்தி அனுப்பினாள்: முதலாளியம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். விசா வர இன்னும் ஐந்து மாதம் ஆனது. பிறகு இரண்டு போட்டோ. ஒன்றில் ஒரு ராட்சச மெஷினுக்கு அடியிலிருந்து இரண்டு ஷூ மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. இன்னொன்றில் மகள் தன்னைவிடப் பெரிய ஜாக்கெட்டில், முதுகில் பள்ளிக்கூடப் பையோடு.

அதற்குப் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. என் ஒரு வாக்குமூலம் ஒரு குடும்பத்தையே கனடாவுக்கு அனுப்பியது என்று தெருமுனை டீக்கடை முழுக்கத் தெரியும். மூன்றாவது தடவை சொல்லும்போது அந்த அம்மாள் கண் கலங்கியதாகவும் சேர்த்திருந்தேன்.

போன மாதம் அவள் போன் செய்தாள். மகள் கதை, குளிர் கதையெல்லாம் முடிந்த பிறகு, உங்கள் முதலாளியம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.



"கேட்டாங்க மாமா. அந்தப் பெரியவரும் இங்க வேலைக்கு வர்ற எண்ணத்துல இருக்காரான்னு. அதெல்லாம் இல்லைன்னேன். 'நல்லது'ன்னாங்க."