"அமத்து" என்றுதான் கத்தினாய்

நீ பொய் சொன்னாய். அந்தச் சனிக்கிழமை என் கராஜில் நீ "நிறுத்து" என்று கத்தவில்லை. ஒக்லாந்தில் அன்றிருந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் சொன்னாய். நீ நிறுத்தச் சொல்லியும் நான் வேண்டுமென்றே மிதித்து உன் கைகளைப் பொசுக்கினேன் என்று இன்றைக்கும் நம்புகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

வாசிக்கிறவர்களுக்கு விஷயம் தெரியாது. முதலில் இருந்து எழுதுகிறேன். உன்னைப் பார்த்து எழுதினால் திட்டத்தான் வரும். அதனால் கொஞ்ச நேரத்துக்கு உன்னை "அவன்" என்று வைத்துக்கொள்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து கிளென்ஃபீல்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். வீடு மோசம், ஆனால் கராஜ் பெரியது. அவன் மதுரைப் பக்கம். கப்பலில் இஞ்சின் அறையில் வேலை செய்து, அலுத்துப்போய்க் கரையேறியவன். ஒனிஹங்காவில் ஒரு வேலைத்தலத்தில் பிற்றர், மெஷின் பூட்டுகிற வேலை. நாங்கள் சந்தித்தது பழைய கார்களை உடைத்து விற்கும் யார்டில். ஒரே காரின் முன்பக்கத்தை நானும் பின்பக்கத்தை அவனும் கழற்றிக்கொண்டிருந்தோம். ஸ்பனர் வழுக்கிக் கையில் அடித்ததும் அவன் தமிழில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அவனை அன்றே எனக்குப் பிடித்துவிட்டது.

என்னிடம் அப்போது ஒரு சார்ஜர் இருந்தது. ஆஸ்திரேலியாவில் செய்த கார். இரண்டு கதவு, நீளமான மூக்கு, ஆறு சிலிண்டர். முந்திய சொந்தக்காரன் அதை வெயிலிலும் மழையிலும் நிற்கவிட்டு, தரையில் ஓட்டை விழுந்து, மழை பெய்தால் கால் நனையும். அவன் அதைச் சுற்றி வந்து பார்த்தான்.

"மாப்ள, இது காரு இல்லடா. தோணி."

"என்னை ஏன் மாப்பிளை எண்டு கூப்பிடுறாய்? உன்ர மகளையே கட்டினனான்?"

"எனக்கு மக இருந்தா உனக்குக் குடுப்பனா? மூஞ்சியப் பாரு."

அவன் கடைசிவரை மாப்ள என்றான். நான் அவனை மச்சான் என்றேன்.

இரண்டு வருடம் சனிக்கிழமைகளை அந்தக் காரில் போட்டோம். தரைத் தகட்டை வெட்டி வெல்ட் பண்ணினோம். இஞ்சினை இறக்கி, பிஸ்டன் மாற்றி, இஞ்சினின் தலைப்பகுதியைத் தீட்டினோம். அந்தக் கார் பிறந்தபோது ஒரு காபரேற்றர்தான். பெற்றோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கிற பொருள் அது. ரேஸ் ஓடின சார்ஜர்களுக்கு மூன்று இருக்கும். நாங்களும் மூன்று போட்டோம். போட்ட பிறகுதான் கஷ்டம். மூன்றும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் இருமும், துப்பும், கறுப்பாகப் புகைக்கும்.

அதற்கு மெஷின் உண்டு. எங்களிடம் இல்லை. அவனிடம் ஒரு முழ ரப்பர் குழாயும் காதும் இருந்தன. குழாயின் ஒரு முனையைக் காபரேற்றரின் வாயிலும் மறு முனையைக் காதிலும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புவான். அடுத்ததுக்குப் போவான். அவன் விரல்கள் தடித்த விரல்கள், ஆனால் அந்தத் திருகாணிகளை ஒரு மயிரளவு திருப்ப அவனால் முடிந்தது. எனக்கு அந்தக் காதும் இல்லை, விரலும் இல்லை. நான் சீற்றில் இருந்து அக்ஸிலேற்றரை மிதிக்கிறவன். அதுதான் என் வேலை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

முதல் முதலாகப் பிரேக்குக்கு எண்ணெய் விட்டு, குழாயில் சிக்கின காற்றை மிதித்து மிதித்து வெளியே எடுத்தபோது நான் காருக்குக் கீழே கிடந்தேன். அவன் சீற்றில். பக்கத்தில் வயரில் ஒரு லைற் தொங்கியது. நான் "அமத்து!" என்றேன். லைற் அணைந்துவிட்டது. இருட்டில் என் மூக்கில் பிரேக் எண்ணெய் சொட்டுகிறது.

"உனக்கென்ன விசரோ? அமத்தடா எண்டு சொன்னா காலால அமத்து! பிரேக்கை!"

அவன் சீற்றில் விழுந்து விழுந்து சிரித்தான். "ஓ, அதுவா! உங்க ஊருத் தமிழே தனிடா மாப்ள."

நக்கல் அடிக்கிறான் என்று நினைத்தேன். எப்போதும் நக்கல் அடிக்கிறவன்தானே. ஏன் சிரித்தாய் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் "அமத்து" என்றால் அவன் சரியாக மிதித்தான். எத்தனையோ தடவை. அமத்து, பிடி, விடு. அமத்து, பிடி, விடு. அந்தக் கராஜில் அதிகம் பேசப்பட்ட சொல் அதுதான்.

கார் ரோட்டில் ஓடத் தகுதியானது என்று வாரண்ட் எடுத்து ஓடத் தொடங்கிய மாதம் சண்டை வந்தது. அவனுக்குச் சிட்னியில் வேலை கிடைத்தது. காரையும் கொண்டுபோகிறேன் என்றான். என் கார், என் கராஜ் என்றேன். இஞ்சின் யார் கட்டியது என்று கேட்டான். ஒரு விருந்தில், பத்துப் பேர் முன்னால், அவனை நன்றி கெட்டவன் என்று சொன்னேன். அதையும் எழுதுகிறேன், மறைக்கவில்லை. உண்மையில் எனக்குக் கார் பெரிதில்லை. அவன் போகிறான் என்பதுதான் தாங்க முடியவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல் காருக்குச் சண்டை பிடித்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவன் தானாக வந்தான். "யாரு வச்சுக்கிட்டாலும் ஒழுங்கா ஓடணும். உக்காரு" என்றான். நான் சீற்றில் ஏறினேன். இஞ்சினை மூடுகிற பானற்றைத் திறந்தால் ஓட்டுகிறவனுக்கு முன்னால் தகடு மட்டும்தான். ஆள் தெரியாது. குரல்தான்.

பத்து நிமிடம் எல்லாம் சரியாக நடந்தது. "கொஞ்சம் குடு... விடு... குடு." பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டிக்கொண்டிருந்தான். பெற்றோல் மணந்தது. எப்போதும் மணக்கிறதுதான்.

திடீரென்று "அமத்து!" என்றான். "அமத்துடா! அமத்து!"

நான் அமத்தினேன். அக்ஸிலேற்றரை, அடிவரைக்கும்.

நடந்தது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பெற்றோல் குழாய் ஒன்று கழன்று சூடான இரும்பில் பீச்சியிருக்கிறது. அவன் அதை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறான். நான் மிதித்ததும் ஒரு காபரேற்றர் வெளியே நெருப்பைத் துப்பியது. நான் இறங்கி ஓடியபோது அவன் கைகள் முழங்கைவரை எரிந்துகொண்டிருந்தன. பழைய கம்பளியால் சுற்றி அமுக்கினேன். என் கையில் பட்டது பெரிதில்லை. புல் வெட்டியவன் ஹோஸ் பைப்போடு ஓடி வந்தான். தண்ணீர் அடித்து அணைக்கும்வரை கார் எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி என்னிடம் கேட்டா. "நிறுத்து, நிறுத்துன்னு கத்துனாராமே. ஏண்ணே மிதிச்சீங்க?"

"அவன் அமத்து எண்டுதான் கத்தினவன், தங்கச்சி."

அவ என்னைப் பார்த்த பார்வையில் நான் பேச்சை விட்டேன். அவவும் மதுரைப் பக்கம்தான். நான் சொன்னது என் வாயாலேயே எனக்கு எதிரான சாட்சி என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டு வருடம் நான் அவனைப் பைத்தியம் என்று நினைத்தேன். மிதி என்று சொல்லிவிட்டு, நிறுத்து என்று சொன்னதாக எப்படி ஒருவன் சொல்லுவான்? விருந்தில் நான் பேசியதை எல்லாரும் ஞாபகம் வைத்திருந்தார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். அவன் சிட்னிக்குப் போகவில்லை. மடங்காத விரல்களோடு எந்த பிற்றர் வேலைக்குப் போவது? ஒரு ஸ்டோரில் பெட்டி எண்ணுகிற வேலை கொடுத்தார்களாம்.

பிறகு ஒரு தீபாவளி. வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபம். பின் வரிசையில் தனியாக இருந்தேன். திரையில் படம் போடப்போகிறார்கள். முன்னாலிருந்த ஒரு மதுரை அம்மா திரும்பி, கதவோரம் நின்றவரிடம் சொன்னா: "அண்ணே, அந்த லைட்டக் கொஞ்சம் அமத்துங்க."

அவர் சுவிட்சைத் தட்டினார். மண்டபம் இருண்டது.

கராஜில் அணைந்த அந்த லைற் ஞாபகம் வந்தது. அவன் ஏன் சிரித்தான் என்பதும் விளங்கியது. என் ஊரில் அமத்துவது என்றால் அழுத்துவது. அவன் ஊரில் அணைப்பது. இஞ்சினை அமத்தச் சொல்லியிருக்கிறான். நான் இருட்டிலே இருந்து அழுதேன். படம் சிரிப்புப் படம். எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த நாள் காலை ஒனிஹங்காவில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கதவைத் திறந்தான். கதவின் கைப்பிடியை மணிக்கட்டால்தான் தள்ளினான்.

"அமத்து எண்டுதானே கத்தினாய்?"

"ஆமா" என்றான்.

"நான் அமத்து எண்டா என்னெண்டு உனக்குத் தெரியும். எனக்கு உன்ரது தெரியாது."

"தெரியும். நெருப்பு பக்கத்துல நிக்கும்போது உங்க ஊரு அகராதியப் பொரட்டச் சொல்றியா? வாயில எது வந்துச்சோ அதக் கத்துனேன்."

"அதை நான் பிழையெண்டு சொல்லேல்லை, மச்சான். பிறகு ஏன் நிறுத்து எண்டு சொன்னாய்?"

அவன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். "என் வாயாலயே என் கையப் பொசுக்கிக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லச் சொல்றியாடா மாப்ள? நீ வேணும்னு பண்ணுனன்னு நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது. போ."

கதவைச் சாத்தினான். மாப்ள என்று அவன் என்னைக் கூப்பிட்டது அதுதான் கடைசி.

அந்தக் காரை நான் திரும்பக் கட்டவில்லை. கராஜிலேயே ஒரு வருடம் நின்றது. பிறகு நாங்கள் சந்தித்த அதே யார்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ கார் வைத்திருந்தேன். பிரேக்கில் காற்று எடுப்பதை மட்டும் ஒரு போத்தலும் குழாயும் வைத்துத் தனியாகச் செய்கிறேன். சீற்றில் யாரையும் இருத்துவதில்லை. கொஞ்சம் நேரம் பிடிக்கும். பரவாயில்லை.

இனி உன்னோடுதான் பேச்சு.

நான் மிதித்தேன். என் கால்தான். அது இல்லை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. உன் கைகளை நினைக்காமல் நான் ஒரு திருகாணியைத் தொட்டதில்லை. நீ பயத்தில் உன் ஊர்ச் சொல்லைக் கத்தினாய், அதற்கு உன்னில் குற்றம் இல்லை. ஆனால் உன் நித்திரைக்காக என்னைக் கொலைகாரன் ஆக்கினாய். இருந்த ஒரே சிநேகிதனைக் காருக்காக எரித்தவன் என்று என்னைப் பார்க்கிற கண்களுக்கு முன்னால் நான் இத்தனை வருடம் நடந்திருக்கிறேன்.

தீபாவளிக்கு இப்போதும் மண்டபத்துக்கு வருகிறாயாம். முன் வரிசையில் இடம் வைத்திருப்பார்களாம். இந்த வருடம் நானும் வருவேன், பின் வரிசைக்கு. விளக்கு அணைக்கும் முன் எழுந்து நில். உன் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் இருக்கிற அந்த மண்டபத்தில், மைக்கைப் பிடிக்க முடியாவிட்டால் யாரையாவது பிடிக்கச் சொல்லி, எல்லாருக்கும் கேட்கப் பதில் சொல்: அன்றைக்கு நீ கத்திய சொல் என்ன?